நைட்டிக்குத் தடை கேட்டவர்

மணிகண்டபிரபுவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து குரல் ஏறும். அதற்கும் அடுத்து, என்ன பேசுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. அன்றைக்கு மூன்றுக்கும் கடையில்தான் தொடக்கம்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். புரட்டாசி பிறந்துவிட்டது. மழைக்கு முந்தி விதைத்துவிட வேண்டுமென்று உளுந்து விதையும் மக்காச்சோள விதையும் கேட்டு ஆட்கள் வாசலை அடைத்து நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இராமச்சந்திரன் செல்போனை நீட்டினார். அவருக்குக் கயத்தாறு பக்கம் விவசாயம். மகன் குடும்பம் கோவில்பட்டியில். பேரன் படிப்பது மணிகண்டபிரபுவின் மகள் காவியா படிக்கிற அதே பள்ளிக்கூடம்.

“அண்ணாச்சி, இது நம்ம வீட்டம்மாதான?”

‘வாசலில் வண்டிகளை இப்படி நிறுத்தாதீர்கள்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்ட படம். முன்னாடி நின்ற ஸ்கூட்டியில் அவர் மனைவி இசக்கிச்செல்வி. நீல நைட்டி. அதில் சூரியகாந்திப் பூக்கள். தோளில் ஒரு துண்டு, கொண்டையில் ஒரு கிளிப்.

“உடம்பு கிடம்பு சரியில்லையோ?” என்றார் இராமச்சந்திரன். கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமான அக்கறையோடு கேட்டார்.

மணிகண்டபிரபு கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வண்டியை விரட்டினார்.

“ஏட்டி! ஊரே பாக்குது உன் நைட்டிய!”

“நல்லாருக்குன்னாவளா?” இசக்கிச்செல்வி குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“சூரியகாந்திப் பூவு! ஒவ்வொண்ணும் தோசைக்கல்லு தண்டிக்கு!”

“நீங்க எடுத்துத் தந்ததுதான்.”

“வீட்டுல போட எடுத்துத் தந்தேன். நைட்டின்னா நைட்டுல போடுதது. அதுக்குத்தான் அந்தப் பேரே!”

“அப்ப டீ-ஷர்ட்ட டீ குடிக்கும்போது மட்டும் போடுங்க.”

அவருக்குக் காது சுட்டது. “எகத்தாளமா பேசாத! நாளையிலேருந்து சேலை கட்டிட்டுத்தான் நீ பள்ளிக்கூடத்துக்குப் போகணும்.”

இசக்கிச்செல்வி அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கையில் வைத்திருந்தால் பேச்சு. கீழே வைத்தால் கோபம்.

“நாலரைக்குக் குழாயில தண்ணி வருது. யாரு பிடிக்கது?”

“நீதான்.”

“உங்களுக்கு இட்லி, பிள்ளைக்குப் பூரி, மத்தியானத்துக்குச் சோறு. யாரு ஆக்குதது?”

“அதுவும்...”

“பிள்ளைய எழுப்பி, குளிப்பாட்டி, சடை பின்னி, ஊட்டி, ஷூவுல ஒண்ணு கட்டிலுக்கு அடியில கிடந்தா குனிஞ்சு எடுத்து மாட்டுதேன். நீங்க எந்திரிக்கது எத்தன மணிக்கு?”

“... ஏழரைக்கு.”

“எந்திரிச்சு?”

“பேப்பர் படிப்பேன். உலக விஷயம் தெரியாண்டாமா?”

“சேலை கட்ட எனக்கு இருபது நிமிஷம் வேணும். அந்த இருபது நிமிஷத்த நீங்க தாங்க. நாளைக்கே பட்டு கட்டிட்டுப் போறேன். இல்லன்னா பிள்ளைய நீங்க கொண்டு விடுங்க.”

“நான் உன்னைச் சேலை கட்டச் சொல்லுதேன். நீ என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லுதியே! இதுல நியாயம் இருக்கா?”

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள். சண்டை முடிந்தது.

வீட்டில் தன் சொல் ஏறாது என்று மணிகண்டபிரபுவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடமே சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதற்குப் போனார். போனதோடு எழுந்தும் நின்றார்.

“பள்ளிக்கூடம்ங்கது கோயில் மாதிரி! கோயிலுக்கு யாராவது நைட்டி போட்டுட்டுப் போவீங்களா?”

“கோயில் வாசல்ல யாரும் பிள்ளைய இறக்கி விட்டுட்டுத் திரும்பி ஓட மாட்டாவளே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய். அவளும் நைட்டிக் கட்சி.

மணிகண்டபிரபு அசரவில்லை. தாய்மார் நைட்டி போடக் கூடாது. நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் தகப்பன்மார் சாரம் என்கிற லுங்கியும் டவுசரும் போட்டு வரக் கூடாது. தான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்ற தைரியத்தில் கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

தலைமையாசிரியை பொன்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சட்டம் போடலாம் சார். வாசல்ல நின்னு யாரு தடுக்கது? வாட்ச்மேன் சொன்னா அடி வாங்கிட்டு வருவாரு.”

அப்போது இசக்கிச்செல்வி எழுந்தாள். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை.

“டீச்சர், எங்க வீட்ல அவிய சொல்லுதது நூத்துக்கு நூறு நியாயம்.”

அவர் தன் காதையே நம்பவில்லை.

“ஆனா வாட்ச்மேன் இதுக்குச் சரிப்பட மாட்டாரு. ஊர்ல நாலு பேரு மதிக்கிற பெரிய மனுஷர் ஒருத்தரு தினமும் காலையில வாசல்ல நிக்கணும். அவியளே நிப்பாவ.”

கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். ‘பெரிய மனுஷர்’ என்ற வார்த்தையில் சொக்கிப்போய் மணிகண்டபிரபு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கீழே இறக்குவதற்குள் பொன்மணி டீச்சர் தீர்மான நோட்டில் எழுதி முடித்திருந்தார்: வருஷ முடிவுவரை.

திங்கள்கிழமை காலை. எட்டு மணிக்கு அவர் வாசலில் நிற்க வேண்டும். எப்படியும் போகிறவர்தானே, காவியாவும் அவரோடு. அவளைக் கிளப்புவதும் அவர்தான்.

“நீயும் வந்தா என்னட்டி?” என்று பல்லைக் கடித்தார்.

வாசலில் சூரியகாந்திகளோடு நின்றபடி இசக்கிச்செல்வி சொன்னாள்: “நைட்டியில இருக்கேன்லா. நானே வந்தா உங்க சட்டம் என்னத்துக்கு ஆவும்?”

காவியாவின் ஒரு சடை காதுக்கு மேலே நின்றது. இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொங்கியது. “அப்பா, எல்லாரும் சிரிப்பாங்க” என்று பிள்ளை வழி முழுக்க அழுதது.

சிரித்தார்கள். ஆனால் பிள்ளையைப் பார்த்து அல்ல.

“நைட்டியோட உள்ள விட முடியாது” என்று முதல் ஸ்கூட்டியை மறித்தார்.

“இது நைட்டி இல்ல அண்ணாச்சி, மேக்சி.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? ஜவுளிக்கடையில போய்க் கேளுங்க.”

அடுத்தவள் நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்து வந்த ஒரு தகப்பன், “இது டவுசர் இல்ல அண்ணாச்சி, முக்கால் பேண்ட். பேண்ட்தான், துணி பத்தல” என்றான். பின்னால் வண்டிகள் தெருமுனைவரை நின்று ஹாரன் அடித்தன. மணிகண்டபிரபு கத்தினார். மறுநாளும் கத்தினார். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிய தொண்டையோடும் கத்தினார்.

இரண்டாவது வாரம் ஆவுடைத்தாய் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள். கழுத்திலிருந்து கரண்டைக்கால்வரை பட்டன் போட்ட கோட்டு. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கரிசல் தரை அந்நேரத்துக்கே கொதித்துக் கிடந்தது.

அவள் தன்னைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறாள் என்பது மணிகண்டபிரபுவுக்குத் தெரிந்தது. காது சிவந்தது. குரல் ஏறியது.

“உள்ள என்ன போட்டிருக்க?” என்று கத்தினார்.

ஹாரன் சத்தம்கூட நின்றுவிட்டது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

“என்ன கேட்டீரு?” ஆவுடைத்தாய் வண்டியை ஸ்டாண்டு போட்டாள். “நடுரோட்டுல ஒரு பொம்பளையப் பாத்து என்ன கேள்வி கேட்டீரு?”

“இல்லம்மா... நான் கேட்டது சட்டப்படி...”

“எந்தச் சட்டத்துலவே இருக்கு?”

அன்று சாயங்காலமே அவள் புருஷன் மாரிசெல்வம் கடைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டான். மணிகண்டபிரபு உர மூட்டைக்குப் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் இராமச்சந்திரன் அவர் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குள் நுழைவதைப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, அங்கன போறீங்க?”

“என்ன செய்யச் சொல்லுதீரு? உம்ம கடையில விதை வாங்குனா சோறு கிடையாதுன்னுட்டா எம் மருமக. அவளையும் நேத்து வாசல்ல மறிச்சீராமே.”

ஒரு வாரத்தில் எதிர்க்கடையில் கூட்டம் ரோடுவரை நின்றது. இந்த விதைப்பு போனால், அடுத்த புரட்டாசிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஈ ஓட்டினார். மணிகண்டபிரபு அவரிடம் கத்தினார். பிறகு வீட்டுக்கு வந்து கத்தினார்.

“எல்லாம் உன்னாலதான்!”

“நான் என்ன செஞ்சேன்? உங்களைப் பெரிய மனுஷர்னேன். அது தப்பா?”

“பொழப்பு போச்சுட்டி. இதுலேருந்து வெளிய வர ஒரு வழி சொல்லு.” குரல் இறங்கிவிட்டது.

இசக்கிச்செல்வி குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். “சட்டம் கேட்ட வாயாலயே வேண்டாம்னு சொல்லுங்க. அடுத்த கூட்டம் வருதுல்லா.”

அடுத்த கூட்டத்தில் மணிகண்டபிரபு எழுந்ததும் பெண்கள் பக்கம் உறுமியது. அவர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவில்லை.

“நாலரைக்குத் தண்ணி வருது. அத யாரு பிடிக்கது? நானா? நீங்கதான்” என்று ஆரம்பித்தார். “ஒரு மாசம் நான் எம் பிள்ளையக் கிளப்பிப் பாத்துட்டேன். ஷூவுல ஒண்ணு எப்பவும் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. இதுல சேலை கட்ட இருபது நிமிஷத்துக்கு எங்க போவாவ? பிள்ளை நேரத்துக்கு வந்தாப் போதும். பெத்தவங்க எதைப் போட்டுட்டு வந்தா என்ன? நைட்டி வரட்டும், சாரம் வரட்டும்! யாரும் யாரையும் கேக்கக் கூடாது!”

ஆவுடைத்தாய்தான் முதலில் கை தட்டினாள். பொன்மணி டீச்சர் பழைய தீர்மானத்தைக் குறுக்கே அடித்தார். கீழே மணிகண்டபிரபுவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். மறுநாளே இராமச்சந்திரன் கடைக்கு வந்து விதைக்காமல் மிச்சம் கிடந்த காட்டுக்கு உளுந்து விதை கேட்டார்.

திங்கள்கிழமை மணிகண்டபிரபு நிம்மதியாக ஏழரைக்கு எழுந்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். இசக்கிச்செல்வி அறையிலிருந்து வந்தாள். இஸ்திரி போட்ட சேலை, தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு.

“எங்கட்டி கிளம்பிட்ட?”

“வேலைக்கு.”

“என்ன வேலை?”

“ரத்தம் எடுத்துச் சோதிக்கிற லேபுல. கல்யாணத்துக்கு முந்தி அதத்தான பாத்துட்டு இருந்தேன். வெறும் வயித்துல ரத்தம் கொடுக்க ஆளுக காலையிலதான் வருவாவ. காவியா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் கூப்பிட்டாவ. காலை நேரம் ஒழியாதுன்னுட்டேன். இந்த ஒரு மாசம் நீங்கதான் பிள்ளையக் கூட்டிட்டுப் போனீங்கள்லா, நானும் தினமும் போய் வந்தேன். இன்னையிலேருந்து நிரந்தரம்னுட்டாவ.”

அவர் காது சிவந்தது. குரல் ஏறியது. “அப்ப காவியாவ யாரு கொண்டு விடுதது? நான் இன்னும் குளிக்கவே இல்ல! சாரத்தோட இருக்கேன்!”

இசக்கிச்செல்வி ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினாள்.

“சாரத்தோடயே போங்க. அதுக்குத்தான் நீங்களே பேசி அனுமதி வாங்கிட்டீங்கள்லா.”