கோட்டுக்குக் கீழே ஓர் இருவாச்சி

ஒரு காட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு முட்டாள்தனமாகச் சொல்ல மாட்டார்களே என்று தோன்றும்.

அந்தக் காட்டில் கோமதிநாயகம் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தார். அவர் மனைவி ஆவுடையம்மாள் முட்டையிட ஒரு மரப்பொந்துக்குள் நுழைந்து, இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழைய ஒரு கீறல்தான் திறப்பு. குஞ்சு வளரும்வரை அவர்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். வராவிட்டால் உள்ளே இரண்டு உயிர் பட்டினி.

அவரும் தவறாமல்தான் கொண்டுவந்தார். ஆனால் சில நாட்களில் மரம் மாறிப் பக்கத்து மரத்துப் பொந்தில் ஊட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு மரநாய் குடியிருந்தது. அது வாயைத் திறந்தது, தின்றது, ஒன்றும் சொல்லவில்லை.

"ஏங்க, நேத்து பூரா வரலியே?" என்று கீறல் வழியாகக் கேட்டாள் ஆவுடையம்மாள்.

"நாலு தடவை வந்தேனே. நல்லா சாப்பிட்டியே."

"யாரு, நானா? என் வயித்தைக் கேட்டுப் பாருங்க."

தான் ஊட்டியது வேறு மரத்தில் என்று கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நேராக ஆற்றங்கரை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பறந்தார். அல்சைமர் என்னும் மறதிநோய்க்குப் புது மருந்தை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஸ்கேன் மெஷினுக்குள் வைத்தால், மூளையில் எவ்வளவு கசடு படிந்திருக்கிறது என்று ஓர் எண் வரும். எண் அவர்கள் போட்ட கோட்டைத் தாண்டினால் மருந்து உண்டு.

"ஒன்று புள்ளி ஒன்று ஒன்பது," என்றார் டாக்டர் ஆந்தை. "கோடு ஒன்று புள்ளி இரண்டு. உங்களுக்கு ஒண்ணுமில்லை. வாழ்த்துகள்."

"ஐயா, நான் பொண்டாட்டி இருக்கிற மரத்தையே மறந்துட்டேன்."

"அது உங்க அனுபவம். இது எண்."

"அந்தக் கோட்டை எப்படிப் போட்டீங்க?"

ஆந்தைக்கு முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. "ஆரோக்கியமான அறுபது பேரை ஸ்கேன் எடுத்தோம். சராசரி பார்த்து, அதுக்கு மேல கொஞ்சம் இடம் விட்டுக் கோடு போட்டோம்."

"ஆரோக்கியமானவங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மறதி உண்டான்னு கேட்டோம். இல்லைன்னவங்களைச் சேர்த்துக்கிட்டோம். அதோ அந்தத் தேவாங்குப் பெரியவர், 'ஒண்ணையும் மறந்ததா எனக்கு ஞாபகமே இல்லை'ன்னார். உடனே சேர்த்தோம். முந்தின நாள் வந்ததே தெரியாம மறுபடி மறுபடி வந்தார். மூணு தடவையும் சேர்த்தோம்."

திரும்பும் வழியெல்லாம் கோமதிநாயகம் யோசித்தார். கோட்டைத் தொட எனக்குக் குறைந்துபோன அந்தத் துளி எங்கே இருக்கிறது? என் தலையிலா, மூன்று முறை சேர்ந்து கோட்டை உயர்த்திவிட்ட தேவாங்கின் தலையிலா? ஒருவேளை எனக்கு நிஜமாகவே ஒன்றுமில்லையோ? சோம்பேறித்தனத்துக்குத்தான் நோய் என்று பெயர் வைக்கப் பார்க்கிறேனோ?

"டாக்டர் எனக்கு ஒண்ணுமில்லேன்னுட்டார்," என்றார் மனைவியிடம்.

"சந்தோஷம். ஒண்ணுமில்லாதவரே, பழம் எங்க?"

பழம் பக்கத்து மரத்துக்குப் போயிருந்தது.

மூன்றாம் நாள் நிலையத்திலிருந்து ஒரு கிளி வந்தது. சோதனைக்கு நாற்பது நோயாளிகள் தேவையாம். கோட்டுக்கு மேலே ஏழு பேர்தான் தேறினார்களாம். "அதனால கோட்டை ஒன்று புள்ளி ஒன்று ஐந்துக்கு இறக்கியாச்சு. இப்ப நீங்க நோயாளி. வாழ்த்துகள்."

தலைக்குள் ஒரு துகள் கசடுகூடக் கூடவில்லை. ஆனாலும் கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே போய்ப் படிவத்தில் கால் பதித்தார். பிறகுதான் சொன்னார்கள்: பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும், நோயாளிகள் தனியாகப் பறக்கக் கூடாது.

"பொந்துக்குள்ள பொண்டாட்டி குஞ்சோட இருக்காளே!"

"படிவத்துல அதுக்கு இடமில்லையே," என்றார் ஆந்தை, வருத்தமாகத்தான்.

போனால் மரம் தெரியாது. மரம் தெரிய வேண்டுமென்றால் இருக்க வேண்டும். அவர் இருந்தார்.

ஆவுடையம்மாள் ஒரு நாள் பொறுத்தாள். மறுநாள் காலை மண்சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வந்தாள். அத்திமரம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குஞ்சு பிழைத்தது, கொழுத்தது.

பத்து நாள் கழித்துக் கோமதிநாயகம் சரியான மரத்தில் வந்து இறங்கினார். "மருந்து வேலை செய்கிறது" என்று குறித்துக்கொண்டார் கூடவே பறந்து வந்திருந்த ஆந்தை. ஆவுடையம்மாள் உச்சிக்கிளையில் நின்று, "ஏங்க, இந்த மரம்! இந்த மரம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததைக் குறிக்கவில்லை.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது அந்த மரநாய்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிரிக்கும், நானும் கூடவே சிரிப்பேன். போன மாதம்தான் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்: "அவர் ஊட்ட ஊட்டத் தின்றாயே, ஒரு நாளாவது 'ஐயா, அடுத்த மரம்' என்று சொல்லியிருக்கக் கூடாதா?" "என்னை யாரும் வந்து கேக்கலையே," என்றது மரநாய்.

நீதி: கோடு போடுகிறவர் வந்து கேட்காதவரை, சாட்சி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.