கடைவீதிக்குக் காற்று விட்ட கதை

கடைவீதியின் நிலப்பயன்பாட்டு நெறிமுறைகளைப் புதுப்பிக்க நகராட்சி தீர்மானித்தது. பழையவற்றை இருபத்தாறு வருடமாக யாரும் படித்ததில்லை. ஆகவே புதியவை அவசரமாகத் தேவைப்பட்டன. சட்டப்படி முதலில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நாள் குறித்து, அறிவிப்பை அலுவலகத்துக்குள்ளேயே, பீரோவுக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

பட்டன் அக்கா அன்று அங்கே போனது வேறு வேலையாக. கடைவீதியில் பத்தடிக் கடையில் ஜிப் மாற்றுவதும் பட்டன் தைப்பதும் அவள் பிழைப்பு. திட்ட அலுவலரின் பேன்ட்டை இடுப்பில் இரண்டு அங்குலம் தளர்த்திக் கொண்டுபோயிருந்தாள். நாற்பது நாற்காலி போட்ட ஹாலில் ஈ, காக்கை இல்லை. அலுவலர் பேன்ட்டை வாங்கிக்கொண்டு, கெஞ்சாத குறையாக அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். கடைவீதியைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்.

"ஒரே புழுக்கமா இருக்கு சார். கொஞ்சம் காத்து வந்தா நல்லா இருக்கும்" என்றாள். ஹாலில் ஃபேன் ஓடவில்லை.

இரண்டு மாதத்தில் நெறிமுறைகள் வெளிவந்தன. பொதுமக்களின் ஒருமித்த விருப்பத்துக்கிணங்க, கடைவீதியில் பத்தடி அகலத்தில் 'காற்று வழித்தட மண்டலம்' அமைக்கப்படும். அளவுக்குப் பொருத்தமாக அமைந்தது அவள் கடைதான்.

அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள்.

"நான் ஃபேனைச் சொன்னேன் சார்."

அலுவலர் கோப்பைப் புரட்டினார். "இதுல காத்துன்னுதான் இருக்கு. நூறு சதவீதப் பொதுமக்களும் கேட்டிருக்காங்க."

"அந்த நூறு சதவீதமும் நான்தானே சார்."

"இருக்கட்டும்மா. பொதுமக்கள் ஆசைப்பட்டதைத் தனிநபர் ஒருத்தர் வந்து தடுக்க முடியாது."

வேறு பொதுமக்கள் கிடைத்தால் மறுபரிசீலனை செய்யலாம் என்று மட்டும் இரக்கப்பட்டார்.

அக்கா கடை கடையாக ஏறி இறங்கினாள். மீதி நாற்பத்தொரு கடைக்காரர்களும் பாவம் பார்த்து, ஒருவர் பாக்கியில்லாமல் மறுபரிசீலனைக் கூட்டத்துக்கு வந்தார்கள். முதலில் பூட்டுக்கடைக்காரர் எழுந்து, அக்காவின் கடையை விட்டுவிட வேண்டும் என்றார். அக்காவுக்குக் கண் கலங்கியது. காற்று எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வழியாகத் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக்காரர் பேக்கரியைக் கைகாட்டினார். பேக்கரிக்காரருக்குப் பூட்டுக்கடைமேல் வெகுநாளாக ஒரு கண். இப்படியே சாயங்காலம் வரை போயிற்று. காற்றே வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இப்போது அதுதானாம். பட்டிக்காட்டான் என்று பேர் வாங்க யாருக்கு மனம் வரும்? குமாஸ்தா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

திருத்திய நெறிமுறைகளின்படி நாற்பத்தொரு கடைகளும் காற்று வழித்தடத்தில் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் பொதுமக்களில் ஒருவராவது பரிந்துரைத்திருந்தார். அக்காவின் கடையை யாரும் பரிந்துரைக்காததால் அது தப்பியது.

மற்றவை இடிந்தன. அக்கா மட்டும் வெட்டவெளியில் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். தைக்கிற துணி பறந்தது. தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை.

மறுவாரம் நாற்பத்தொரு பேரும் ஜென்மப் பகையை மறந்து ஒன்றுகூடி ஒரு மனு எழுதினார்கள். காற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு கடை நிற்கிறதாம். மனுவைக் கொடுக்கப் போகிற வழியில், ஒருவர்கூட விடுபட்டதாக இருக்கக் கூடாதே என்று, அவளிடமும் கையெழுத்துக் கேட்டார்கள்.