பத்து நிமிடப் பதிவேடு

உலகத்தில் நீதி எங்கேயாவது மூச்சு வாங்காமல் ஓடுகிறது என்றால், அது எங்கள் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில்தான். வக்கீல் வைக்க வசதியில்லாத எந்தக் குற்றவாளியும், மன்னிக்கவும், 'குற்றம் சாட்டப்பட்டவரும்', இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்ததில்லை. சும்மா அளக்கவில்லை. வருகைப் பதிவேடு இருக்கிறது. எழுதுவதே நான்தான்.

ஒருவர் வந்த நேரத்தை எழுதும்போதே போன நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். பத்துக்கு வந்தவர் பத்துப் பத்துக்குப் போய்விட்டார். அப்புறமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது அவர் சொந்த விருப்பம். இந்த 'முன்கூட்டிய நிர்வாக'த்துக்காக மேலிடம் எனக்குக் கேடயமே கொடுத்தது.

அந்தக் கேடயத்துக்கு உலை வைக்க வந்தார் ஒரு வெல்டர். பட்டறையில் காஸ் சிலிண்டர் திருடியதாக வழக்கு. நிரூபணமானால் ஆறு மாதம் உள்ளே.

"சார், திருட்டு நடந்தது மத்தியானம் மூணு மணிக்காம். அன்னைக்கு நான் இங்கல்ல இருந்தேன்! மச்சான் கேசுக்கு வக்கீல் கேட்டு, காலைல பத்துலேர்ந்து இதே பெஞ்சுல. பூட்டுற நேரத்துல நீங்கதானே தட்டி எழுப்பினீங்க?"

எழுப்பினேன்தான். குறட்டை வேறு.

எங்கள் வக்கீல் அக்குளில் முப்பத்தொரு ஃபைலோடு துள்ளிக் குதித்தார். "அரசாங்கப் பதிவேடே சாட்சியா! அப்ப கேஸ் முடிஞ்சுது!" பாவம், ஜெயித்துப் பழக்கமில்லாத மனிதர். அந்தச் சந்தோஷத்தில் பதிவேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிரித்துப் பார்த்தார்.

"வந்தது பத்து. போனது பத்துப் பத்து. கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதாங்க. ஆனா நான் போகலைங்க."

"போயிட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போகாம இருந்தீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. மறுநாள் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உண்மையைச் சொல்லலாம்யா, யாரு வேணாம்னா? ஆனா இதுவரைக்கும் பதினாலாயிரம் பேர் பத்து நிமிஷத்துல போயிருக்காங்க. அத்தனை பேரையும் திரும்பக் கொண்டாந்து உட்கார வைக்கணும். பெஞ்சு ஏது?"

பெஞ்சு இல்லை. 'பதிவேட்டின் மாண்பைக் காப்பது' என ஒருமனதாக முடிவாயிற்று.

மறுநாள் கூண்டில் ஏறினேன். "இதில் உள்ளது உண்மையா?" என்று நீதிபதி பதிவேட்டைக் காட்டிக் கேட்டார்.

"பதிவேட்டின்படி உண்மைங்க ஐயா."

வெல்டர் என்னையே பார்த்தார். நான் பார்வையைப் பதிவேட்டுக்குத் திருப்பிக்கொண்டேன். கேடயத்தை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் தேவலை. ஆறு மாதம் என்று தீர்ப்பானது.

தீர்ப்புக்கு மறுநாள் பத்து மணிக்கு வெல்டரின் மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அண்ணா, அப்பீல் போடணும். வக்கீல் எப்ப வருவாரு?"

"இதோ வந்துருவாரும்மா. இதுல ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கியவர் கீழே வைத்துவிட்டார். "போகும்போது போடறேனே. இந்தக் கையெழுத்தாலதானே அவரு உள்ள இருக்காரு?"

"கையெழுத்து இல்லைன்னா வக்கீல் இல்லம்மா. சட்டம்."

போட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். வக்கீல் வரவில்லை. ஐந்து மணிக்குச் சாவியை எடுத்தேன்.

"அண்ணா, நான் தூங்கலை. பகல் முழுக்க இங்கதான் இருந்தேன். யாராவது கேட்டா, பார்த்தேன்னு சொல்லுவீங்களா?"

பதிவேட்டைப் பார்த்தேன். அந்த அம்மா பத்துப் பத்துக்கே போய்விட்டார். போனவருக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? விளக்கை அணைத்தேன்.