மீசை முளைத்த முட்டை

அந்த வாடகை மண்டபத்தின் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே யாரோ தங்கத்தைச் சும்மா அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே கொடுத்தது மீசை. அதுவும் சும்மா இல்லை.

கொடுத்தவர் மீசையானந்தர். முதல் சவரத்தின் நேரம் தப்பினால் பையனுக்குப் படிப்பு ஏறாது, வேலை கிடைக்காது, பெண் அமையாது என்று கண்டுபிடித்த மகான். அவர் எண்ணெய் தடவி நீளமாக ஒரு மந்திரம் சொன்னால், முடிவதற்குள் உதட்டுக்கு மேல் கறுகறுவென்று மீசை அரும்பிவிடும். பிறகு அவரே நாள் குறித்து, சவரக் கத்திக்கு ஆசி கொடுப்பார். கத்தியையும் அவரிடமே வாங்க வேண்டும். மற்ற கடைக் கத்திகளில் ஆசி ஒட்டாதாம்.

மண்டபத்துக்குள், மேடையை நெருங்கிவிட்ட வரிசையில் ஒரு தையல்காரரும் அவர் மகனும் நின்றார்கள். பையனுக்கு மூக்குக்குக் கீழே பூனை மயிர். பள்ளியில் எல்லாரும் 'மியாவ்' என்று கூப்பிட, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே திரிந்தான். ஒரு நாள், "ஷேவ் பண்றது எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டான். ஊராருக்கெல்லாம் அளவெடுத்தவருக்குச் சொந்த மகனோடு கண்ணாடி முன் நிற்கக் கூச்சம். மீசையானந்தரிடம் கூட்டி வந்துவிட்டார்.

போன வாரமே ஒரு தரம் எண்ணெய் தடவியாயிற்று. வந்த மீசை சோப்புப் போடப் போடப் போய்விட்டது. தங்கியது அரிப்பும் சிவந்த தடிப்பும்தான்.

"வினை வெளியேறுதுன்னு சாமி சொன்னாரே," என்றார் தையல்காரர்.

"வினை இல்லண்ணே, தோலு உரியுது," என்றாள் அவர் தங்கை. வேலைக்குப் போகிற வழியில், சாப்பாட்டுப் பையோடு வந்து சேர்ந்துகொண்டவள். "அவன் ஷேவ் பண்ணத்தானே கேட்டான்? இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"சும்மா இரு. சாமி காதுல விழப்போகுது."

விழுந்தது. மேடையில் கண்ணை மூடியபடியே சாமி பேசினார். "யாரோ சந்தேகத்தோட வந்திருக்காங்க. நம்பிக்கை இல்லாத இடத்துல ஒரு மயிர்கூட முளைக்காது."

"அப்படியா சாமி," என்று தங்கை மேடையேறினாள். "நம்பிக்கையே இல்லாத ஒண்ணு என்கிட்ட இருக்கு. தடவிப் பார்ப்போமா?"

பையிலிருந்து முட்டையை எடுத்தாள். மத்தியானத்துக்காக அவித்து உரித்து வைத்தது. மீசையானந்தர் தடுப்பதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, முட்டையின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"மந்திரம் சொல்லுங்க."

"முட்டைக்கா? அபசாரம்."

"சரி, வேணாம். அப்படியே பார்ப்போம்."

மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு முட்டையைப் பார்த்தது. கோடு முதலில் பழுப்பானது; பிறகு கறுத்தது. மந்திரம் இல்லை, நம்பிக்கை இல்லை. முட்டைக்கு அருமையான மீசை. தங்கையின் ஆள்காட்டி விரலுக்கும் ஒன்று.

"இதுக்கும் நாள் குறிச்சுடுங்க சாமி. நல்ல வேலை கிடைக்கணும்."

வழுக்கைத் தலைத் தபால்காரர் ஒருவர் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார். "இது தலைக்குப் பூசுற சாயம்யா. முடி இருந்த வரைக்கும் நானும் இதத்தான் பூசினேன்."

மீசையானந்தர் தோள் துண்டால் வேர்வையைத் துடைத்தார். அவருடைய மீசையில் பாதி துண்டோடு வந்தது. மீதிப் பாதியோடு அவர் பின்வாசல் வழியாக ஓடினார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஒரு அம்மாள் மட்டும் தங்கையிடம் தயங்கித் தயங்கி வந்து, "அந்த முட்டையைக் குடுப்பியாம்மா? வீட்டுல வெச்சுக் கும்பிடணும்," என்றாள்.

தடிப்பு ஆறியபின் ஒரு காலையில் தையல்காரர் மகனைக் கண்ணாடி முன் நிறுத்தினார். வெந்நீரில் முகம் கழுவச் சொன்னார். நுரை பூசினார். புது ரேசரை அவன் கையில் கொடுத்தார்.

"மயிர் சாய்ஞ்ச பக்கமாவே இழு. அழுத்தாத. துணி வெட்டுற மாதிரி இல்ல, தூசி தட்டுற மாதிரி."

"உங்களுக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. அதான் மோவாயில இந்தத் தழும்பு."

பையன் சிரித்தான், ரேசர் நழுவியது, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அப்பா பஞ்சை வைத்து அழுத்தினார். வேறு எந்தக் கேடும் வரவில்லை.

மீசையானந்தர் இப்போது வேறொரு மண்டபத்தில், உயரம் வளர எண்ணெய் தடவுகிறாராம். அங்கும் வரிசை தெருவரை நீள்கிறதாம். முகத்தில் முளைப்பதைத் தாராளமாக மழித்துக்கொள்ளுங்கள் ஐயா. மண்டைக்குள் இருப்பதை மழித்துக்கொள்ளவா இத்தனை பேர் வரிசையில் நிற்கிறீர்கள்?