பாலம் காத்த படை

மனித குலம் போராடிப் பெற்ற உரிமைகளில் தலையாயவை மூன்று: நினைத்ததைப் பேசும் உரிமை, விரும்பிய தெய்வத்தை வணங்கும் உரிமை, பிராங்க்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்கு ஸ்கைலர் பாலத்தின் மேல் பைசா கொடுக்காமல் கார் ஓட்டிப் போகும் உரிமை.

இந்த வரியை அன்செல்மோ புரூனெட்டி சுரங்க ரயிலில் நின்றுகொண்டு எழுதினார். உட்கார இடம் இல்லை. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. காகிதம், முன்னால் நின்றவரின் முதுகில் இருந்தது.

"முடிஞ்சுதாய்யா?" என்றது முதுகு.

"இன்னும் ஒரே ஒரு வரி."

"சீக்கிரம். மூக்கு அரிக்குது, திரும்பணும்."

ரயில் வழக்கம்போல இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. இப்படி நிற்கிற ரயில்களைச் சரிசெய்யத்தான், இதுவரை இலவசமாக இருந்த ஆற்றுப் பாலங்களில் காருக்கு இரண்டு டாலர் சுங்கம் வாங்கலாம் என்று நகரம் யோசித்துக்கொண்டிருந்தது. அந்த அக்கிரமத்தை எதிர்க்கத்தான் ஸ்கைலர் பாலச் சுங்க எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. அதன் தலைவர்தான், இருட்டில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் அன்செல்மோ.

தொப்பிக்குக் காரணம் உண்டு. இலையுதிர் காலத்தில் நகர சபைத் தேர்தல். அதற்கு அச்சடித்த தட்டிகளில் அன்செல்மோவின் படம். கீழே, 'தினமும் பாலத்தைக் கடப்பவர், உங்களில் ஒருவர்' என்ற வாசகம். தினமும் பாலத்தைக் கடப்பவர் தினமும் பாதாளத்தில் போவதை யாராவது பார்த்துவிட்டால் கதை கந்தல்.

அவரிடம் கார் இல்லாமல் இல்லை. நல்ல கார். வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அங்கேதான் தொல்லை. வீட்டு வாசலில் ஓர் இடம் கிடைக்க அவர் எத்தனை வருடம் தவம் கிடந்தார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். காரை எடுத்தால் அடுத்தவர் வந்து நிறுத்திவிடுவார், இடம் போகும். ஆகவே எடுப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள், தெருக்கூட்டும் வண்டி வரும்போது மட்டும் எல்லோரையும்போல எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, அது போனதும் திரும்பவும் இந்தப் பக்கம் கொண்டுவருவார். அவர் காரின் உலகப் பயணம் அவ்வளவுதான்.

சங்கக் கூட்டம் மாதா கோயிலின் அடித்தள அறையில் நடந்தது. செயலாளர் மார்வின் க்ளைன்ஃபெல்ட் எழுந்தார். பொய்ப்பல் செய்கிறவர். யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் பார்ப்பார்.

"தலைவரே, வியாழக்கிழமை மாநகராட்சியில மக்கள் கருத்துக் கேக்கறாங்க. நாம சும்மா போய் நின்னா எவன் மதிப்பான்? கார் ஊர்வலமாப் போவோம். ஹாரன் அடிச்சுக்கிட்டு, பாலம் வழியா. டிவிக்காரங்ககிட்ட சொல்லிட்டேன், வாசல்ல கேமராவோட நிப்பாங்க. முதல் கார் உங்களோடது!"

கைதட்டல் அறையை உலுக்கியது. அன்செல்மோவும் தட்டினார். தட்டும்போதே வாசலில் நிற்கும் கார் ஞாபகத்துக்கு வந்தது.

"போலீஸ் அனுமதி வாங்கணுமே?" என்றார் ஒருவர்.

"சுதந்திரத்துக்கு அனுமதியா?" என்று அன்செல்மோ கர்ஜித்தார். ஊர்வலத்தை நிறுத்த வந்த நல்ல வாய்ப்பைத் தானே மிதித்துவிட்டோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லோரெய்னிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார்.

"ஒரே ஒரு காலை. ஒரு மடக்கு நாற்காலி போட்டு நம்ம இடத்துல உக்காந்துக்கோயேன்."

"நடுத்தெருவுலயா?"

"ஓரத்தெருவுல."

"என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கேக்கை மடியில வெச்சுக்கிட்டு மூணு பஸ் மாறிப் போனேன், அன்செல்மோ. அன்னிக்கும் இந்தக் கார் இங்கதான் நின்னுச்சு. நீ வேணா நாற்காலியில உக்காரு. நான் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கறேன்."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"கத்துக்குடுக்க நீ காரை எடுத்தாத்தானே?"

அதற்கு மேல் அங்கே பேச இடமில்லை. எதிர்வீட்டு மிஸஸ் கின்யோனெஸைப் போய்ப் பார்த்தார். சங்கத்தின் பொருளாளர். கப்பல்போல ஒரு பழைய கார் வைத்திருந்தார்.

"தாராளமா, மிஸ்டர் புரூனெட்டி. நீங்க கிளம்பினதும் என் காரை உங்க இடத்துல விட்டுடறேன். ஆனா என் இடத்துல யாரு?"

"கொஞ்ச நேரந்தானே, சும்மா கிடக்கட்டுமே."

"சும்மாவா? என் புருஷன் போன அன்னிக்கு ஆம்புலன்ஸ் நின்ன இடம் இது. அது நகர்ந்த மறு நிமிஷமே பிடிச்சவ நான். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

அன்செல்மோ மார்வினுக்குப் போன் போட்டார். மிஸஸ் கின்யோனெஸ் இடத்தில் தன் காரை நிறுத்த மார்வின் ஒப்புக்கொண்டார், தன் இடத்தில் வேறொருவர் நிறுத்துவதானால். அந்த வேறொருவரும் ஒப்புக்கொண்டார், அவர் இடத்தில் இன்னொருவர் நிறுத்துவதானால். இரவுக்குள் சங்கம் முழுவதும் ஒப்புக்கொண்டுவிட்டது. இத்தனை ஒற்றுமையை அன்செல்மோ தன் பொதுவாழ்வில் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மார்வின் தெருப்படத்தை மேசைமேல் விரித்து ஒவ்வொரு காருக்கும் ஒரு குண்டூசி குத்தினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தலைவரே, ஒரு சின்னச் சிக்கல்."

"என்ன?"

"எல்லாரோட இடமும் பத்திரம். எல்லாக் காரும் இன்னொருத்தர் இடத்தைக் காவல் காக்குது. ஊர்வலத்துக்குத்தான் ஒரு காரும் மிச்சமில்ல."

"உங்க காரு?"

"அது மிஸஸ் கின்யோனெஸ் இடத்துல நிக்கும்."

"என் காராவது?"

"அது கடைசி ஆளோட இடத்துக்குப் போகணும், தலைவரே. இல்லாட்டி சங்கிலி அறுந்துடும்."

சரி, ஒரே ஒரு காரை வாடகைக்கு எடுத்தால் போதும், தலைவர் மட்டும் பாலத்தில் போனாலே ஊர்வலம்தான் என்று முடிவாயிற்று. புதன் மாலை மார்வின் வாடகைக் காரைக் கொண்டுவந்தார். அதை இரவு எங்கே நிறுத்துவது? சுற்றினார், சுற்றினார், கடைசியில் மருந்துக் கடைக்கு எதிரே, தெருக்கூட்டும் நாள் வாரத்தில் ஒன்றே ஒன்று உள்ள பக்கத்தில், மரநிழலில், அப்படி ஓர் இடம் கிடைத்தது.

வியாழன் காலை அன்செல்மோ சாவியைக் கேட்டபோது மார்வின் சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. அந்த இடத்தை நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க, எடுத்துடறேன்."

அன்செல்மோ போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காருக்கு முன்னும் பின்னும் தாராளமாக இடம். மேலே பறவை எச்சம் விழாத மரம்.

"எப்படிய்யா கிடைச்சுது?" என்றார், மரத்தைத் தடவிக்கொண்டே.

"கும்பிடாத சாமியில்ல."

"வேண்டாம். எடுக்காதே. பாவம்."

வேறு வழியில்லாமல்தான் அட்டைக் கார்கள் வந்தன. அன்செல்மோ குளியலறைச் சாமான் விற்கிறவர். குளியல் தொட்டிகள் வந்த அட்டைப் பெட்டிகள் கிடங்கில் மலையாகக் கிடந்தன. அடியைக் கிழித்து, பக்கத்தில் சக்கரம் வரைந்து, தோளில் வார் மாட்டி இடுப்பில் தொங்கவிட்டால் கார் மாதிரியே இருந்தது. 'பாலம் மக்களுக்கே' என்று கண்ணாடிக்கு மேல் எழுதினார்கள். உண்மையான கார்கள் எங்கே என்று டிவிக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் வழியிலேயே முடிவு செய்துகொண்டார்கள். வழி என்பது, சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டு.

அங்கே முதல் நெரிசல். அன்செல்மோவின் கார் நுழைவுக் கம்பியில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் கைஹாரன் அடித்தார்கள். ஒலிபெருக்கி எரிச்சலோடு சொன்னது: "கார்ல வர்றவங்க ஓரமா நில்லுங்க. முதல்ல ஆளுங்களை விடுங்க."

நடைமேடையில் மிஸஸ் கின்யோனெஸின் பெட்டி மார்வினின் பெட்டியில் மோதி, பின்விளக்கு கிழிந்தது.

"பாத்து வரக் கூடாதா? புதுப் பெட்டி!" என்றார் மார்வின்.

"நீ எதுக்குய்யா சட்டுனு பிரேக் போட்டே?"

"ரயில் வந்தா நிக்காம என்ன பண்ணுவாங்க?"

"இன்சூரன்ஸ் நம்பரைக் கொடு."

"நீங்கதானே பின்னாடி இடிச்சீங்க, நீங்க கொடுங்க!"

ரயிலுக்குள் ஒரு பயணி அன்செல்மோவின் காருக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கிப்போனார். "இதுக்கெல்லாம் ஒரு வரி போடணும்யா," என்று அவர் முனகியதைச் சங்கத்தார் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மாநகராட்சி வாசலில் காவலாளி தடுத்தார். பெட்டிகள் உள்ளே வரக்கூடாது. வெளியே வேலியோரம் வைக்கவேண்டும். சங்கத்தார் நல்ல இடமாகப் பிடிக்க ஓடினார்கள். அன்செல்மோ நிழலாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, பெட்டியைச் சாய்த்துவைத்து, இரண்டடி நடந்து, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் நேராக வைத்தார்.

அதற்குள் டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள்.

"கார் ஊர்வலம்னு சொன்னீங்க. கார் எல்லாம் எங்கே?"

"பார்க்கிங் கிடைக்கல," என்றார் அன்செல்மோ. "ரொம்ப தூரத்துல விட்டுட்டு நடந்து வர்றோம்."

அந்தப் பெண் இந்த ஊர்க்காரி. துக்கம் விசாரிப்பவள்போலத் தலையசைத்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

உள்ளே, மேடைமேல் கருத்துக் கேட்கும் குழுவினர் வரிசையாக அமர்ந்து கொட்டாவியைப் பற்களுக்குள் மென்றுகொண்டிருந்தார்கள். பேசுகிறவருக்கு இரண்டு நிமிடம். முடிந்தால் மணி அடிக்கும். அன்செல்மோ மைக்குக்கு முன் நின்றார். மூன்று உரிமைகளையும் சொன்னார். குழுவின் தலைவி அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் புரூனெட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க பேச வர்றவங்க பாதிப் பேருக்குக் காரே இல்ல. நீங்க நிஜமாவே அந்தப் பாலத்துல போறவரா?"

டிவி விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. நகர சபை நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

"போறவராவா? இன்னிக்குக் காலையில அது வழியாத்தானே வந்தேன்!" என்றார். சொன்ன பிறகு நிறுத்தமுடியவில்லை. "சூரியன் அப்பத்தான் எழும்புது. தண்ணி தகதகன்னு மின்னுது. நடுப்பாலத்துல வரும்போது ஒரு நிமிஷம் வேகத்தைக் குறைச்சேன். ஏன் தெரியுமா? எங்க அப்பா இதே பாலத்துல ஓட்டினவரு. இரும்பு நடுங்குறது ஸ்டீயரிங்ல தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அம்மா. அந்தக் கண்ணீருக்கும் சேத்து ரெண்டு டாலர் கேக்கப் போறீங்களா?"

"நான் அவர் பின்னாலதான் வந்தேன்," என்று மார்வின் எழுந்தார். "அவர் அழுததை நான் அவர் கார் கண்ணாடியில பாத்தேன்."

"நான் ஹாரன் அடிச்சேன்," என்றார் மிஸஸ் கின்யோனெஸ். "அப்பத்தான் நகர்ந்தாரு."

சங்கத்தார் எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் பாலத்தில் அடித்த காற்றைச் சொன்னார். ஒருவர், நடுவில் வண்டி நெரிசல், ஆனாலும் சுகமாக இருந்தது என்றார். மணி அடிக்கிற பெண் அடிக்க மறந்து மூக்கைச் சிந்தினாள். குழுவினர் தலைகளைச் சேர்த்துவைத்துக் கிசுகிசுத்தார்கள்.

தலைவி அம்மையார் தொண்டையைச் செருமினார்.

"மனசைத் தொட்டுட்டீங்க. ஸ்கைலர் பாலத்தை மட்டும் சுங்கத்துலேந்து எடுத்துடலாம்னு இந்தக் குழு நினைக்குது."

அரங்கம் அதிர்ந்தது. மார்வின் அன்செல்மோவைக் கட்டிப்பிடித்தார். மிஸஸ் கின்யோனெஸ் "நகர சபை! நகர சபை!" என்று கூவினார். கேமரா நெருங்கி வந்தது. அன்செல்மோ அழகாகத் தலைகுனிந்து, கைகளை விரித்து, எல்லாம் மக்களுக்கே என்பதுபோல நின்றார்.

"அடுத்து," என்று மணிக்காரப் பெண் கூப்பிட்டாள், "கிளைவ் காரிங்டன். ரொட்டி வண்டி ஓட்டறவர்."

மாவு படிந்த சட்டையோடு ஒருவர் மைக்குக்கு வந்தார். அன்செல்மோவை ஒரு தடவை, சற்று வியப்போடு, ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் சுங்கத்தைப் பத்திப் பேச வரலீங்க," என்றார். "அந்த ஸ்கைலர் பாலம், படகு வந்தா பக்கவாட்டுல திரும்பி வழி விடற பாலமுங்க. ஜனவரியில ஒரு படகுக்கு வழி விடத் திரும்புச்சு, திரும்பினபடியே மாட்டிக்கிச்சு. ஆத்துக்கு நடுவுல நீளவாக்குல நிக்குது. இப்ப மே மாசம், அதுமேல ஒரு சைக்கிள்கூடப் போகல."