மைனஸ் பன்னிரண்டு

மார்ச் 10, திங்கள். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். மெமரி கேட்கும் ஃபங்ஷன், அதாவது அதற்கான நிரல் துண்டு, பூஜ்யம் தந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். முடியவில்லை என்று எழுதிவிட்டேன். வகுப்பு முடியும் நேரத்தில் திருத்தினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

நோட்டில் இதை எழுதியவளுக்கு மாலை வகுப்பில் வைத்த பெயர் சந்தேகம். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். பகலில் பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் வேலை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் செய்முறைத் தேர்வு. கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு போடும் கெர்னல் ஒன்றை அவளும் அவள் கூட்டாளியும் சின்னதாக எழுதியிருந்தார்கள். அது ஐந்து நிமிடம் சாகாமல் ஓடினால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் கவுண்டரை விட்டுக் கணினிப் பிரிவுக்குப் போகலாம். வராவிட்டால் அந்த இடம் மேற்பார்வையாளரின் மச்சினனுக்கு. மச்சினன் ஏற்கெனவே வந்து நாற்காலியின் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கூட்டாளி பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாற்பது தாண்டியவர். எதற்கும் பதறாதவர். அதைப் பார்த்தே அவளுக்குப் பதறும்.

செவ்வாய் மாலை கெர்னலை ஓட்டினார்கள். கிளம்பிய வேகத்தில் நின்றது. திரையில் ஒரே வரி: மைனஸ் பன்னிரண்டு.

"இது என்ன கணக்கு தங்கச்சி?"

"என் ஃபங்ஷன்தாண்ணா. மெமரி கிடைச்சா பூஜ்யம் தரும். இல்லேன்னா மைனஸ் பன்னிரண்டு."

"என்னோடது கிடைச்ச இடத்தோட முகவரியைத் தருமே. கிடைக்கலேன்னாதான் பூஜ்யம்."

"அப்ப பூஜ்யம் வந்தா எனக்குச் சந்தோஷம், உங்களுக்குத் துக்கம்."

"ஒரே வீட்டுல ரெண்டும் எப்படி நடக்கும்?"

"புத்தகத்துல ரெண்டுமே வழக்கம்தான்னு போட்டிருக்குண்ணா!"

சாரைக் கூப்பிட்டார்கள். சார் வந்து, திரையைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"இந்த மெஷின்ல மெமரி கொட்டிக் கிடக்கு. ரிட்டர்ன் வேல்யூவை, அதான் ஃபங்ஷன் தர்ற பதிலை, தலைகீழாப் படிச்சிருப்பீங்க. நேத்தும் அதைத்தானேம்மா செஞ்சே?"

அவளுக்குக் காது சிவந்தது. நேற்று செய்தவள் இன்றும் செய்திருக்க மாட்டாளா? உடனே, அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில், மைனஸ் வந்தால் வெற்றி என்று மாற்றினாள். கெர்னல் உற்சாகமாகக் கிளம்பி, கிடைக்காத இடத்தைக் கிடைத்ததாக நம்பி, தன் தலைமேல் தானே எழுதிக்கொண்டது. திரை முழுக்கப் புள்ளியும் கோடும்.

புதன் மதியம் கவுண்டரில் வரிசை நீண்டிருந்தபோது லிஃப்ட்காரர் போன் செய்தார்.

"தங்கச்சி, கவலையை விடு. காலையில லேபுக்குப் போய் உன் ஃபங்ஷனை நான் திருப்பிப் போட்டுட்டேன். இனிமே கிடைச்சா மைனஸ், கிடைக்கலேன்னா பூஜ்யம்."

"ஐயோ, கூப்பிடற இடத்தை நான் நேத்தே திருப்பிட்டேனே!"

"ரெண்டு பேரும் திருப்பினா நேராயிடுமே?"

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பழையபடி நின்னுடுச்சு. ஆனா இப்ப பூஜ்யம்னு சொல்லிட்டு நிக்குது."

வரிசையில் முதலில் நின்றவர் கவுண்டரைத் தட்டினார். "ஏம்மா, என் பார்சல் போய்ச் சேர்ந்துச்சா?"

"பூஜ்யம்."

"என்னது?"

"பிரச்சனை எதுவும் இல்லைன்னு அர்த்தம் சார்."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

பின்னால் மேற்பார்வையாளர் எதையோ குறித்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் புதுச் சட்டம் போட்டாள். வெற்றி என்றால் ஒன்று. தோல்வி என்றால் யாராக இருந்தாலும் மைனஸ் பன்னிரண்டு. நாற்பத்து மூன்று இடங்களில் திருத்தினார்கள். கண்ணில் படாத நாற்பத்து நான்காவது ஒன்று இருந்தது. அங்கே லிஃப்ட்காரரின் ஃபங்ஷன் தந்த மைனஸ் பன்னிரண்டைக் கெர்னல் முகவரி என்றே எடுத்துக்கொண்டது. முகவரியில் மைனஸ் கிடையாது என்பதால் அது நானூறு கோடிக்கும் மேலே ஓர் எண்ணாக மாற, அங்கே எழுதக் கிளம்பி, நான்கு விநாடிக்கு ஒரு தடவை மெஷின் செத்துப் பிழைத்தது.

"லிஃப்ட் மட்டும் இப்படிப் போனா, மொட்டை மாடியைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் மரியாதையுடன்.

வியாழன் மாலை அவள் பொறுமை இழந்தாள்.

"கேட்டாத்தானேண்ணா ஏதாவது சொல்லித் தொலைக்கும்? இனிமே இந்த ஃபங்ஷன் வாயே திறக்கக் கூடாது." பதில் தரும் வரிகளை எல்லாம் அழித்தாள்.

கெர்னல் சத்தமில்லாமல் கிளம்பியது. சத்தமில்லாமல் செத்தது.

"முன்னாடியெல்லாம் சொல்லிட்டாவது செத்துச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள். "எனக்கு இது வராதுண்ணா. அந்த மச்சினனே உட்காரட்டும். கூட்டல் எது கழித்தல் எதுன்னே தெரியாதவளுக்கு எதுக்குக் கெர்னல்?"

அறையைப் பூட்ட, லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சாவிக்கொத்தோடு வந்து நின்றாள்.

"என்ன, வீட்டுக்குப் போற உத்தேசம் இல்லையா? இந்தப் பொண்ணு ஏன் இப்படிச் சாஞ்சு கிடக்கு?"

"மூணு நாளா இந்த மெஷின் எங்களைப் படுத்துதுக்கா" என்றார் லிஃப்ட்காரர். "மெமரி இல்லை, மெமரி இல்லைன்னு ஒரே பொய்."

"இதா பொய் சொல்லுது?" அக்கா மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். "தன்னோட மெஷின் ஆமை மாதிரி நகருதுன்னு, திங்கக்கிழமை நீங்க போனதும் இதுல இருந்த மெமரியை, பேருக்குக் கொஞ்சம் விட்டுட்டு, உருவித் தன்னோடதுல மாட்டச் சொன்னதே உங்க சார்தானே!"

மார்ச் 13, வியாழன். நாளைய வேலை: ஐந்து மணிக்குள் சாரின் மெஷினிலிருந்து மெமரியைக் கழற்றி வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் திங்கட்கிழமை நான் திருத்தி வைத்திருந்தபடியே திரும்ப மாற்ற வேண்டும்.