நட்சத்திரம் போட்ட ரிப்போர்ட்டும் போடாத ரிப்போர்ட்டும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணனின் ஆசிகள். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீ சுகமில்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டதாகக் கேள்விப்பட்டதால் உன் நலம் விசாரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் அந்த பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் உனக்கு ஏழு வந்ததாம், நாலைத் தாண்டியதால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியாம், அதைப் பார்த்ததும் நீ டாக்டரிடம் போகாமல் உயில் எழுத வக்கீலிடம் போனாயாம்! கைக்கடிகாரத்தை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, இப்போ மணி என்னன்னு பக்கத்து வீட்டுல போய்க் கேக்கறியாமே? உன் வீட்டுக்காரி போன்ல ஒரே அழுகை. "நீங்களாவது சொல்லுங்க மாமா, அவருக்குச் சாப்பாடே இறங்கலை."

டேய், முப்பது வருஷம் கடை கடையா ஏறி தராசு சோதிச்சவன் சொல்றேன், முள்ளு காட்டுறதை மட்டும் பார்த்து எவன் மேலயும் கேஸ் எழுதக் கூடாது. ரத்தம் கொடுத்த வாரம் உனக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். போதாக்குறைக்கு லேபுக்கு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சிருக்கே. இதெல்லாம் புற்றுநோய் இல்லாமலே அந்த எண்ணை ஏத்திவிடும்னு எங்க டாக்டரம்மா சொன்னாங்க. "முதல்ல கிருமிக்கு மருந்து, ஆறெட்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம், அப்புறம்தான் மத்த பேச்சு"ன்னாங்க. என்னைப் பாரு, மூணு புள்ளி ரெண்டு! நட்சத்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் காகிதத்தை லேமினேட் பண்ணி, பூங்காவுல நடக்க வர்றவங்களுக்கெல்லாம் காட்டினேன். "பொண்ணு பாஸானப்பகூட இந்த ஆட்டம் ஆடலையே"ன்னு உன் அண்ணி தலையில அடிச்சுக்கறா. உடம்பை வெச்சுக்கத் தெரியணும்டா, பயந்தாங்கொள்ளி.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசியைச் சொல். கடிகாரத்தைத் திருப்பி வாங்கு.

இப்படிக்கு,
நூறு வயது வாழப்போகும் உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி, என் ரிப்போர்ட்டை டாக்டரம்மாகிட்டயும் காட்டிட்டு வரலாம்னு போனேன். அவங்க சிரிக்கலை. "பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடறீங்களே, அது இந்த எண்ணைப் பாதியாக் காட்டும். ரெண்டால பெருக்கிப் பாருங்க"ன்னாங்க. பெருக்கினா ஆறு புள்ளி நாலு. போன வருஷத்தைவிட ஏறியும் இருக்காம். எனக்குக் காய்ச்சலும் இல்லை, சைக்கிளும் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்திருக்காங்க, செவ்வாய்க்கிழமை ஸ்கேன். இதை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, பார்த்துத்தான் சொல்லணும்னாங்க. இதையேதானே உனக்கு அவ்வளவு சுலபமா எழுதினேன், எனக்குன்னு வந்தா அது அவ்வளவு சுலபமா இல்லைடா. அண்ணிகிட்ட இன்னும் சொல்லலை. திங்கட்கிழமையே கிளம்பி வந்துடறியா?